நீலப் படங்கின் கீழ் ஒரு கியர்ப்பெட்டி

டென்மார்க்கிலுள்ள ஹேர்னிங்கில் கோணேஸ்வரன் வீடு எது என்று தமிழாட்களிடம் கேட்டால், எந்தக் கோணேஸ்வரன் என்று திருப்பிக் கேட்பார்கள். பிக்கப் கோணேஸ் என்றால் போதும், சிரித்துக்கொண்டே வழி சொல்வார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர், கோயில் அன்னதானத்துக்குக் கிடாரம் கழுவுகிற ஆள், மகளைக் கட்டிக்கொடுக்கிற நேரத்தில் ஒரு பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரரோடு சேர்ந்து பாரம் இழுக்கப் போகிறார் என்பது ஊருக்கு நல்ல பம்பலாக இருந்தது. அவர் அதைக் கணக்கில் எடுத்ததில்லை. சிரிக்கிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பிக்கப்பின் படத்தையும் கைபேசியில் காட்டி அனுப்புவார்.

விளையாட்டு இதுதான். மண்ணில் நூறு மீட்டர் ஓடுபாதை. வாகனத்தின் பின்னால் ஒரு பாரவண்டியைச் சங்கிலியால் கொளுவி விடுவார்கள். இழுக்க இழுக்க அந்த வண்டியின் மேலிருக்கும் இரும்புப் பெட்டி முன்னுக்கு நகர்ந்து, வண்டியின் தட்டையான மூக்கை நிலத்தோடு அழுத்தும். தொடக்கத்தில் வண்டி லேசாக வரும், போகப் போக மலையாகக் கனக்கும், கடைசியில் எவ்வளவு பெரிய என்ஜினும் நின்ற இடத்தில் மண்ணைக் கிளறும். எத்தனை மீட்டர் போனாய் என்பதுதான் கேள்வி. டென்மார்க்கின் மேற்குப் பக்கத்து விவசாயிகள் கோடை முழுவதும் இதற்காகவே உயிரோடு இருக்கிறார்கள் என்று றஜனி சொல்வாள். றஜனி அவருடைய மனைவி.

எண்பத்தாறில் மட்டக்களப்பிலிருந்து வந்த கோணேஸ்வரன், இருபது வருடம் பின்னல் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தினார். தொழிற்சாலை போலந்துக்குப் போனது. பிறகு காற்றுக்குழாய் செய்கிற இடத்தில் வேலை. அங்கேதான் பிரெபனைக் கண்டார். பிரெபனுக்கு ஊருக்கு வெளியே தகப்பன் விட்ட பன்றிப் பண்ணை. இப்போது பன்றி இல்லை, கொட்டகை முழுவதும் ட்ரக்டரும் இரும்பும்தான். பதினொரு வருடம் கோணேஸ்வரன் பிரெபனின் ட்ரக்டருக்கு உதவியாளாக நின்றார். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், சங்கிலி தூக்கினார், எண்ணெய் துடைத்தார். ஒலிபெருக்கியில் ஓட்டுபவரின் பெயரைத்தான் வாசிப்பார்கள், உதவியாளின் பெயரை யாரும் வாசிப்பதில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தான் எல்லா இடத்திலும் உதவியாள்தான் என்ற நினைப்பு அவருக்கு ஒரு கட்டத்தில் பெரிதாக வந்துவிட்டது. ஆகவே நாலு வருடத்துக்கு முன் ஒரு தோட்டக்காரரிடமிருந்து பின்சில்லு மட்டும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றை வாங்கிப் பிரெபனின் கொட்டகையில் விட்டார். ஆவணி மாதத்தில் பக்கத்துக் கிராமத்தில் நடக்கும் போட்டியில் மட்டும் கழகத்தில் சேராதவர்களும் பிக்கப்பில் இழுக்கலாம். வருடத்துக்கு ஒரு நாள். அந்த நாளில் ஒருதரம், தானே ஓட்டி, ஒரு இழுவை. அவ்வளவுதான் அவர் கேட்டது.

மூன்று வருடம் பிக்கப் துண்டு துண்டாகக் கிடந்தது. வேலை, கோயில், இரண்டு செத்தவீடு, மகளின் படிப்பு என்று ஏதாவது ஒன்று வரும். அடுத்த வருசம் பாப்பம் என்று அவரே தள்ளிப் போட்டார். இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும்.

இந்தத் தை மாதம் ஓகூஸ் வைத்தியசாலையில், இளம் பெண் வைத்தியர் ஒருவர் கதிரையை அவர்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதே றஜனிக்கு விளங்கிவிட்டது. தசைகளை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வியாதி. இடது பாதத்தில் தொடங்கியிருக்கிறது. மேலே ஏறும். எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது, ஆனால் ஏறும். மருந்து கொஞ்சம் தாமதிக்கும், நிறுத்தாது. பரம்பரையில் வருகிற வகை இல்லை என்று சோதித்துவிட்டோம் என்றும் வைத்தியர் சொன்னார், அது ஒரு ஆறுதல் என்று நினைத்து.

கார் நிறுத்துமிடத்தில் றஜனி காருக்குள் இருந்து வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இஞ்ச பாருங்கோ, இதை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. ஐப்பசியில கலியாணம் முடியட்டும். பிறகு ஆருக்கெண்டாலும் சொல்லுவம்.”

“பரம்பரை வியாதி இல்லையெண்டு டொக்டர் சொன்னவதானே.”

“டொக்டர் சொன்னதை ஆர் கேக்கப்போகினம்? தேப்பனுக்கு நரம்பு வியாதி, நாளைக்கு மகளுக்கும் வரும் எண்டுதான் கதைப்பினம்.”

“லக்சனாவுக்கு?”

“அவளுக்கும் வேண்டாம். கலியாணத்தை நிப்பாட்டிப்போட்டு வந்து உங்களைப் பாத்துக்கொண்டு இருப்பாள்.”

மகள் லக்சனாவுக்கு ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் இருக்கிற மாமாங்கத்தாரின் மகன் தாரகனைப் பேசியிருந்தது. பொடியன் நல்லவன், குடும்பமும் நல்ல குடும்பம். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. மண்டபமும் பதிந்தாயிற்று. கோணேஸ்வரன் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் வந்திருந்த வைத்தியசாலைக் கடிதத்தை அழித்தார். நொண்டுவதற்கு இடுப்பு நோ என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டார். வீட்டுக் கார் ஓட்டோ கியர் என்பதால் இடது காலுக்கு அங்கே வேலை இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. ஓகூஸில் உடற்பயிற்சி வைத்தியம் படித்து அதே தொழிலில் இருக்கிற பிள்ளையிடம் தகப்பனின் நடையை மறைக்கலாம் என்று இந்த இரண்டு பேரும் எப்படி நம்பினார்கள் என்று என்னிடம் கேட்கவேண்டாம். அவர்கள் நம்பினார்கள்.

அடுத்த வருசம் என்ற ஒன்று இனி இல்லை என்று தெரிந்த பிறகு பிக்கப் வேலை வேகமெடுத்தது. பிரெபனுக்கு ஆச்சரியம். “உனக்கு என்ன பிடிச்சது, கோணே?” என்று டேனிஷில் கேட்டார். “வயசாகுது” என்றார் கோணேஸ்வரன். அது பொய்யும் இல்லை.

மாசியில் பின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே இரும்புக் கட்டை வைத்து இறுக்கினார்கள். இழுக்கும்போது பின்பக்கம் குந்தினால் கொளுக்கி பணிந்துவிடும். கொளுக்கி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்குச் சங்கிலி பின்சில்லுகளை நிலத்தோடு அழுத்தும். பங்குனியில் பின் அச்சுக்குள் இருக்கும் பல்லுச் சக்கரங்களை அசையாமல் ஒட்டிவிட்டார்கள், ஒரு சில்லு சும்மா சுற்ற மற்றது நின்றுவிடாமல் இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதற்காக. அந்த வெல்டிங்கைக் கோணேஸ்வரனே செய்தார். கை இன்னும் நல்லாயிருந்தது. முடித்துவிட்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை. பிரெபன் கோப்பி எடுக்க வீட்டுக்குள் போயிருந்த நேரம். மேசைக் காலைப் பிடித்து, சுவரைப் பிடித்து ஒருவாறு நிமிர்ந்து, பிரெபன் வரும்போது ஒட்டின இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிக்கப்பின் பின்தட்டில் மணல் மூட்டை ஏற்ற வேண்டும் என்றுதான் கோணேஸ்வரன் முதலில் நினைத்திருந்தார். பிரெபன் சிரித்தார். பின்னுக்குப் பாரத்தைப் பாரவண்டியே தரும், முன்பக்கம் வானத்தைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் பாரம் வேண்டும் என்று விளக்கி, முன்னால் இரும்புத் தகடுகள் தொங்க ஒரு சட்டம் அடித்தார். ரயர்களின் பல்லைக் கத்தியால் ஆழமாக வெட்டினார்கள். என்ஜினிலிருந்து பின்சில்லுக்குப் போகிற ஷாப்ட் உடைந்தால் பறக்காமல் இருக்கச் சுற்றிவர இரும்பு வளையம் போட்டார்கள். முன் கதவும் ரேடியேற்றரும், பிரெபன் உதிரிப்பாகத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அதே இனத்து உடைந்த பிக்கப்பிலிருந்து கழற்றியவை. அந்தப் பிக்கப் ஓட்டோ கியர். அதன் கியர்ப்பெட்டியை முன்பே இறக்கி, ஒரு மரப் பலகைமேல் வைத்து, நீலப் படங்கால் மூடியிருந்தார்கள். கோணேஸ்வரன் ஒவ்வொரு முறையும் கொட்டகைக்குள் வரும்போது அதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

பிரெபன் வருவதற்கு முன் வந்து, என்ஜினை எழுப்பாமல், பிக்கப்பில் ஏறிக் கிளச்சை மிதித்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மிதித்து, மூன்று வரை எண்ணி, மெதுவாக விடவேண்டும். மெதுவாக விடுவதுதான் முக்கியம். மாசியில் நாற்பது தரம் முடிந்தது. சித்திரையில் இருபத்தாறு. வைகாசிக் கடைசியில் பதினேழு. எண்ணியது போதும், விட்டுவிடு என்று தனக்கே சொல்லிக்கொள்வார். அடுத்த நாளும் எண்ணுவார். ஒருதரம் மிதிக்கத்தானே வேண்டும், ஒன்று போதும் என்று ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

ஆனி மாதம் பிரெபன் ஒரு புதுக் கிளச்சோடு வந்தார். முகமெல்லாம் சந்தோசம். “பழையது இந்த இழுவைக்கு வழுக்கும். இது கடிச்சால் விடாது. ஆனா மிதிக்கக் கொஞ்சம் கஷ்டமாயிருக்கும். உன்ர இடுப்புக்குப் பரவாயில்லையா?”

கோணேஸ்வரன் அந்தப் புதுக் கிளச்சைப் பார்த்தார்.

“இல்லாட்டி அந்த ஓட்டோ கியர் கிடக்கு” என்று பிரெபன் படங்கைக் காலால் தட்டினார். “இரண்டு நாள் வேலை. ஆனா அது சோம்பேறியளுக்கு. நீ கியர் போடுற ஆள்.”

இந்த இடத்தில் கோணேஸ்வரன் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிரெபன், என்ர கால் சாகுது, அதைப் போடு என்று சொன்னால் போதும். சொல் வாய்வரை வந்தது என்பதும் உண்மை. ஆனால் பிரெபனின் மனைவி ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். மாமாங்கத்தாரின் மனைவி கமலாதேவியும் அதே இல்லத்தில், அதே மாடியில். பிரெபனுக்கு வியாழன் சொன்னால் வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டில் தெரிந்துவிடும். காரணம் சொல்லாமல் ஓட்டோ கியரைக் கேட்கலாமா என்று யோசித்தார். பதினொரு வருடமாக ஓட்டோ கியர்க்காரரைப் பகிடி பண்ணிய ஆள் திடீரென்று அதைக் கேட்டால் ஏன் என்று கேட்பார் பிரெபன், கேட்டுவிட்டுக் காலைப் பார்ப்பார். மகளின் முகம் கண்ணில் வந்தது.

“புதுக் கிளச்சைப் போடு” என்றார்.

கிளச்சைப் பூட்டி முடித்த அடுத்த நாள் காலை எண்ணினார். பதினேழு ஐந்தாகியிருந்தது.

ஆவணியில் அந்தச் சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. வயல் ஓரத்தில் சொசேச் புகையும் டீசல் புகையும். எல்லாரும் வந்திருந்தார்கள். றஜனி கயிற்றோரம் நின்றாள். ஓகூஸிலிருந்து லக்சனா வந்திருந்தாள், தாரகனும் கூட. மாமாங்கத்தாரும் கமலாதேவியும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு பெட்டி றோல்ஸோடு வந்திருந்தார்கள். “சம்பந்தி, இண்டைக்கு வெள்ளைக்காரருக்குக் காட்டுங்கோ” என்றார் மாமாங்கத்தார், குரலில் வழக்கத்தைவிடக் கூடிய உற்சாகத்தோடு. கோணேஸ்வரனுக்கு அது கேட்கவில்லை. பிக்கப் வரைக்கும் நூறு அடி புல்லில் இடறாமல் நடப்பதிலேயே அவருடைய கவனம் முழுவதும் இருந்தது.

ஒலிபெருக்கி அவர் பெயரைக் கடித்துத் துப்பியது. கோ-நெஸ்-வாரன், ஹேர்னிங். ஆனாலும் அவருடைய பெயர்தான். சங்கிலியைக் கொளுவினார்கள். பிரெபன் கண்ணாடிக்குள்ளால் கட்டை விரலைக் காட்டினார். பச்சைக்கொடி எழுந்தது.

கிளச்சை மிதித்தார். மிதிபட்டது. கியர் விழுந்தது. வலது காலால் என்ஜினை உறுமவிட்டு இடது காலை மெதுவாக எடுக்கத் தொடங்கினார். சங்கிலி இறுகும்போது கால் தன்பாட்டில் நடுங்கத் தொடங்கியது. அவர் சொல்லி அது நிற்கவில்லை. பிக்கப் இரண்டு தரம் குலுங்கி, என்ஜின் நின்றுபோனது. அரை மீட்டர்கூட நகரவில்லை. முதல் சில மீட்டருக்குள் நின்றால் இன்னொரு தரம் விடுவார்கள். கொடிக்காரர் சிரித்துக்கொண்டு மீண்டும் கையைக் காட்டினார்.

இரண்டாம் தரம் இடது கையால் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டு மிதித்தார். முருகா, இந்த ஒருக்கா என்று வாய்விட்டுச் சொன்னார். என்ஜின் கத்தியது. கையைத் தளர்த்தினார். பாதம் மெதுவாக மேலே வராமல், மிதியின் ஓரத்தால் வழுக்கிப் பக்கத்தில் விழுந்தது. புதுக் கிளச் ஒரேயடியாகக் கடித்தது. முன் தகடுகளோடு பிக்கப்பின் மூக்கு மேலே எழும்பி விழுந்தது, கீழே படார் என்று ஒரு சத்தம், பிறகு என்ஜின் மட்டும் சும்மா கத்திக்கொண்டிருந்தது. ஷாப்ட் இரண்டாக முறிந்து வளையத்துக்குள் தொங்கியது. சிவப்புக்கொடி.

“ஒரு மீட்டர் எண்பத்து நாலு” என்றது ஒலிபெருக்கி. சனம் கைதட்டியது. அந்த ஊர்ச் சனம் எதற்கும் கைதட்டும், நல்ல மனதோடுதான். அந்தக் கைதட்டல்தான் கோணேஸ்வரனை உடைத்தது.

பிரெபன் ஓடிவந்து கதவைத் திறந்தார். “ஷாப்ட்தானே! வேற கிடக்கு. இறங்கு.” கோணேஸ்வரன் இறங்கவில்லை. இடது கால் கிளச்சுக்குப் பக்கத்தில் திரும்பிக் கிடந்தது. அவர் அதைக் கையால் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தார். பிரெபன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்திலிருந்து போனது.

“எவ்வளவு நாளா?”

“தையிலயிருந்து.”

பிரெபன் கதவைப் பிடித்தபடி நின்றார். பின்னால் அடுத்த வாகனத்துக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்தும் அசையவில்லை.

“ஓட்டோ கியர் பலகையில கிடந்தது, கோணே.”

“தெரியும்.”

“உனக்காக ஒரு சனி ஞாயிறில போட்டிருப்பன். நான் என்ன செய்தன்? இரும்பு மாதிரி ஒரு கிளச்சைக் கொண்டுவந்து உன்ர காலுக்குக் கீழ வைச்சன்.”

அந்த நேரம்தான் லக்சனா வந்தாள். கயிற்றைத் தாண்டி, கொடிக்காரரைத் தாண்டி நேரே வந்தாள். கையில் ஒரு வெள்ளைப் பை. புல்லில் முழங்காலில் இருந்து, தகப்பனின் சப்பாத்தைக் கழற்றி, பைக்குள்ளிருந்து பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்து மாட்டினாள். பட்டை அவருடைய காலுக்கு அளவாக இருந்தது. நாடாவை இறுக்கி, விரலை உள்ளே விட்டுச் சரிபார்த்தாள். வழக்கமாகத் தகப்பனுக்கு டேனிஷிலேயே பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கதைத்தாள்.

“பங்குனியில எடுத்தனான். காருக்குள்ள வைச்சிருந்தனான். நீங்க சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

“உனக்கு எப்பிடி…”

“அப்பா, உங்கட டிஜிற்றல் கடிதமெல்லாம் எனக்கும்தானே வருது. நீங்கதானே அனுமதி தந்தனீங்கள்.”

அவருக்கு நினைவு வந்தது. பத்து வருடத்துக்கு முன், கடிதமெல்லாம் கைபேசிக்குள் போன காலத்தில், வரிக் கடிதம் விளங்கவில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்து, நீயே பார் என்று ஒரு இடத்தில் அமத்திவிட்டது. ஊரில் பாதிப் பெற்றோர் அப்படித்தான் செய்தார்கள், செய்துவிட்டு மறந்தார்கள். வைத்தியசாலைக் கடிதத்தை அவர் அழிப்பதற்கு முன்பே அவள் வாசித்திருந்தாள். வாசித்த கிழமையே தாரகனுக்குச் சொல்லியிருந்தாள். தாரகன் வீட்டில் சொல்லியிருந்தான்.

மாமாங்கத்தாரும் மெல்லக் கிட்ட வந்திருந்தார். “சம்பந்தி, எங்களுக்கு மாசியிலேயே தெரியும். கலியாணத்துக்கு அதால ஒண்டும் இல்லை. நீங்களாச் சொல்லாமல் நாங்கள் எப்பிடிக் கேக்கிறது? உங்கட மனம் நோகக்கூடாதெண்டுதான்…” கயிற்றோரத்தில் றஜனி கமலாதேவியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

கோணேஸ்வரனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். ஏழு மாதம் அவர் ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறார், ஏழு மாதம் இவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு பார்க்காதமாதிரி இருந்திருக்கிறார்கள். யாரிடமிருந்து மறைத்தாரோ அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது ஒரே ஒரு ஆளுக்கு, அந்தக் கியர்ப்பெட்டியை மாற்றக்கூடிய ஆளுக்கு. ஆனி மாதம் படங்குக்குப் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டது எதற்காக என்று இப்போது கேட்டால் சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

ட்ரக்டர் ஒன்று வந்து பிக்கப்பைப் பாதையிலிருந்து இழுத்துக்கொண்டு போனது. பிரெபன் கையால் முகத்தைத் துடைத்தார். வியாதியின் பெயரை யாரும் இன்னும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கால் நரம்பில் ஏதோ பழுது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கோணேஸ்வரனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“சரி, கேள். திங்கட்கிழமையே கிளச்சைக் கழற்றுறம். ஓட்டோ கியரைப் போடுறம். அடுத்த ஆவணியில நீ இதே இடத்தில நிக்கிறாய், வலது கால் மட்டும் போதும். நூறு மீட்டர். என்ன?”

லக்சனா தலையைக் குனிந்து நாடாவை மறுபடியும் சரிபார்த்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மாமாங்கத்தார் ஓடுபாதையைப் பார்த்தார்.

“ஓம்” என்று கோணேஸ்வரன் டேனிஷில் சொன்னார். “அடுத்த வருசம்.”

ஏழு மாதமாகப் பொய் சொல்லிப் பழகியிருந்ததால் அது தடக்காமல் வந்தது.